பக்கத்து வீட்டு நாய்க்காகப் பட்டினி கெடக்கிறவனுக்கு

வாடே பேராண்டி, வா. செருப்பத் திண்ணைக்கு அடியில தள்ளு. புரட்டாசியில பொன்னுருகக் காயும்பாக, உன் ரப்பர் செருப்பு எம்மாத்திரம். உக்காரு. ஆச்சி மோர் கொண்டாருவா. என்ன மூஞ்சி இது, கடன்காரனக் கண்ட மாதிரி? ஓ, அதே சங்கதியா. பக்கத்து வீட்டுக்காரன், ரெண்டு நாய், உனக்குச் சோறு எறங்கல, தூக்கம் வரல. போன மாசமும் போன்ல இதத்தான் சொன்ன. அதுக்கு முந்துன மாசமும் இதத்தான். நாய் ரெண்டும் உசுரோடதான கெடக்கு? அப்ப மொதல்ல மோரக் குடி.

மூணு மாசமா நீயும் அரைப்பட்டினி, நாயும் அரைப்பட்டினி. நீ சோத்தத் தள்ளி வச்சதுல நாய்க்கு ஒரு பருக்கை கூடிச்சான்னா, இல்ல. உன் மிச்சச் சோறு குப்பைக்குப் போயிருக்கும், காக்கா தின்னிருக்கும். அந்த மட்டுக்கு உன் கவலையால ஒரு சீவனுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. காக்காய்க்காகத்தான் கவலப்பட்டேன்னு வேணா சொல்லிக்கோ.

எந்திரிக்காத, எந்திரிக்காத. எழுபத்தெட்டு வயசுல எனக்குக் கேலி பண்ண ஆள் கெடைக்கதே கஷ்டமா இருக்கு. வெவரமாச் சொல்லு.

மாடிப்படிக்கு அடியில ஒண்ணு. வெள்ளை, ராஜபாளையம். சங்கிலி மூணு அடி. மொட்டைமாடியில தண்ணித்தொட்டிக் குழாயில இன்னொண்ணு, லாப்ரடார். காலையில ஒரு நேரம் சோறு. தண்ணிச் சட்டி கவுந்தா கவுந்தே கெடக்கும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கீழ இருக்கது கூப்புடுது, மேல இருக்கது பதில் சொல்லுது. ம்.

ஒண்ணு கேக்கேன், ஆச்சி உள்ள போயிட்டா, உண்மையச் சொல்லு. அந்த ரெண்டு மணிக் கச்சேரியில நீ வருத்தப்படுதது நாய்க்கா, உன் தூக்கத்துக்கா?

சிரிக்கான் பாரு. முக்கால்வாசி தூக்கத்துக்கு, கால்வாசி நாய்க்கு. அதுல தப்பில்ல எய்யா, ஊர்ல பாதிப் பேருக்கு அந்தக் கால்வாசியும் கெடையாது. ஆனா கணக்கத் தெரிஞ்சு வச்சுக்கோ. நாளைக்கே அதுக ரெண்டும் சத்தம் போடாமக் கெடந்தா நீ குறட்டை விட்டுத் தூங்கிருவ. அதுக பட்டினி அப்படியேதான் இருக்கும். கத்துற நாய்க்கு இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம். கத்தறத விட்டுட்டுச் சுருண்டு கெடக்க ஆரம்பிச்சுட்டா, அன்னைக்குத்தான் நீ முழிச்சிருக்கணும்.

சரி, மூணு மாசத்துல என்ன செஞ்ச? மாடியில நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சியா. எத்தனை பேர் பாத்தாக? நூத்தி நாப்பதா! பொழைச்சுக்குவ. அதுல எத்தனை பேர் ஒரு செம்புத் தண்ணி கொண்டாந்தாக? அழுகிற பொம்மை அனுப்பிச்சாகளா. நல்லது. பொம்மை கண்ணீருக்கு நாய்ச்சட்டி நெறஞ்சிருந்தா நம்ம வைப்பாத்துலயும் தண்ணி ஓடிருக்கும்.

பொறவு? ராத்திரி செவரேறிக் குதிச்சு அவுத்து விட்டுரலாம்னு ஒரு யோசனையா. அடக் கோட்டிப்பயலே. உன் வீட்டுலருந்து நாலுவழிச்சாலை எவ்வளவு தூரம்? கூப்புடு தூரம். கட்டியே கெடந்த நாய்க்கு லாரின்னா என்னன்னு தெரியாது. நீ அவுத்து விட்டுட்டுப் புண்ணியம் செஞ்ச களைப்புல தூங்கு, விடியுததுக்குள்ள அது ரோட்டுல ஒட்டிக் கெடக்கும். இன்னொண்ணு, கட்டிப் போட்ட நாய் அன்பைக் கண்டா வாலாட்டும்னு சினிமாவுல காட்டுவாக. மூணு அடியில மூணு வருசம் கெடந்தது, இருட்டுக்குள்ள ஒருத்தன் கையை நீட்டுனா முதல்ல கையைத்தான் பாக்கும், மனசப் பாக்காது.

இப்பம் நான் ஒரு கதை சொல்லுதேன். இது ஆச்சிக்குத் தெரியும், உங்க அப்பனுக்குத் தெரியாது. அவன்கிட்டச் சொல்லாத.

1978ல நானும் ஒரு நாய் வச்சிருந்தேன். சிப்பிப்பாறை நாய். சிப்பிப்பாறையிலருந்தே, ஒரு மூடை கம்பு குடுத்து வாங்குனது. வயிறு முதுகோட ஒட்டி, காலு நாணல் மாதிரி, ஓடுச்சுன்னா தரையில படுதா படலையான்னு தெரியாது. அந்தச் சாதிய ஆண்டவன் ஓடுததுக்குன்னே படச்சான். நான் என்ன செஞ்சேன்? கெணத்துமேட்டுக் கல்தூண்ல கட்டிப் போட்டேன். ஏன்னா, வந்தவன் போனவன் எல்லாம் பாக்கணும். அவுத்து விட்டா மவுசு போயிரும்னு ஒரு நெனப்பு. உன் பக்கத்து வீட்டுக்காரன் இருக்கானே, அவனுக்கு அண்ணன்டே நான்.

கழுத்துல சங்கிலி அறுத்துப் புண்ணாப் போச்சு, ஈ மொய்க்கு. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர் தெருவுல நாலு பேர் பாக்க என்னை நிப்பாட்டி, அரை மணி நேரம் ஜீவகாருண்யம் பேசினாரு. அவ்வளவும் சரியான பேச்சு. ஒரு வார்த்தை தப்புக் கெடையாது. நான் தலையத் தலைய ஆட்டிட்டு வீட்டுக்குப் போயி, சங்கிலிய இன்னும் ஒரு சுத்துச் சுத்திக் கட்டுனேன். என்ன முழிக்க? உண்மையத்தான் சொல்லுதேன். நாலு பேருக்கு முன்னால என்னைக் கொறச்சுப் பேசுனா, வாத்தியார என்ன செய்ய முடியும்? நாயத்தான் செய்ய முடியும்.

எதிர்த்த வீட்டுல ஒரு கெழவி. ஒத்தக்கட்டை, அஞ்சாறு வெள்ளாடு. அவ ஒருநாள் சாயங்காலம் என்னைத் தனியாக் கூப்புட்டா. "எய்யா, கயத்தாத்துக்காரன் ஒருத்தன் உன் நாயப் பாத்துட்டு, என்ன இது சொணங்கி மாதிரி நிக்கி, சம்சாரி வீட்டுல கம்புக்குப் பஞ்சமான்னு கேட்டான். நான் சண்டைக்குப் போயிட்டேன். எங்க பிள்ள நாய் மாதிரி இந்த வட்டாரத்துலயே கெடையாதுன்னு சொல்லிட்டேன்"ன்னா. எனக்கு அன்னைக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல. காலையில எந்திரிச்சு கம்பங்கஞ்சியும் மோரும் நாய்க்கு. கழுத்துக்கு வேப்பெண்ணெய். சங்கிலிய எடுத்துட்டுப் பழைய சேலைய முறுக்கிக் கட்டுனேன். பத்து நாள் கழிச்சு மறுபடி வாரா: "ராத்திரி நரி வந்து குட்டியச் சுத்துதுய்யா. உன் நாய் சத்தம் கேட்டாலே ஓடிரும். சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போயி, காலையில கொண்டாந்து விட்டுருதேன்." நாய்க்கு ரெண்டு நேரம் காடுகரை சுத்துற நடை கெடச்சுட்டு. எனக்கோ, ஊரையே என் நாய்தான் காக்குதுன்னு நெஞ்சு நிமிந்துட்டு.

அவ சாகுததுக்கு முந்தி ஒருநாள் கேட்டேன், "அந்தக் கயத்தாத்துக்காரன் யாரு பாட்டி?" "எந்தக் கயத்தாத்துக்காரன்?"ன்னா. நரியும் அப்படித்தான்.

அதனால, அவன்கிட்டப் போயி "ஏன் இப்படிக் கொடுமப்படுத்துறீங்க"ன்னு ஆரம்பிக்காத. "அண்ணாச்சி, இது அசல் ராஜபாளையம்தான?"ன்னு ஆரம்பி. ஒரு மணி நேரம் பேசுவான். பேச விடு. 2005ல தபால்துறை நாய்க்குன்னு நாலு தபால்தலை போட்டாக. அதுல ஒண்ணு ராஜபாளையம். உன்னையும் என்னையும் தபால்தலையில போடப் போறதில்ல, அந்த நாயப் போட்டுட்டாக. இதச் சொல்லு, அவன் மொகம் எப்படி மலருதுன்னு பாரு. மலந்த பொறவு பையச் சொல்லணும்: "ஓட விடலன்னா தொடைச் சதை வத்திருமாம் அண்ணாச்சி, பாக்குதவன் கலப்பு நாய்னு நெனச்சுருவானாம்." அவ்வளவுதான். அப்படியே விட்டுட்டு வந்துரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனாலும் நீ வாத்தியாராயிருவ.

இன்னொண்ணு சொன்னியே, என்ன? கூப்புட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கு, திமிரு பிடிச்ச நாய்னு செருப்பால அடிக்கானா? இத முன்னாலயே சொல்லிருக்கணும்டே. அது திமிரு இல்லாமலும் இருக்கலாம். ராஜபாளையத்துல, அந்தச் சுத்த வெள்ளையில, பெறவியிலயே காது கேக்காத குட்டி விழுதது உண்டு. அது தூங்கும்போது பொறத்தால நின்னு, தரை அதிராம, கையைத் தட்டிப் பாக்கச் சொல்லு. காதும் அசையலன்னா அதுக்குக் காது கெடையாது. செவிட்டு நாயக் கூப்புட்டுக் கூப்புட்டு அடிச்சிருக்கோம்னு தெரிஞ்சா, கல்நெஞ்சுக்காரனுக்கும் கை நடுங்கும். கையைக் காட்டிப் பழக்குனா ஒரு மாசத்துல எல்லாம் கத்துக்கிடும். உங்க ஆச்சி என்னப் பழக்கலயா? இப்ப எனக்குச் சாப்பாட்டுக்குத் தட்டு சத்தம்கூட வேண்டாம், புருவம் போதும்.

மாடியில கெடக்கது அதவிடப் பாவம். லாப்ரடார் எந்த ஊருன்னு நெனச்ச? கனடாவுல நியூஃபவுண்ட்லாண்டுன்னு ஒரு தீவு. குளுந்த கடல்ல மீன்காரங்களுக்கு வலை இழுத்துக் குடுத்த நாய்க வம்சம் அது. அதக் கொண்டாந்து கோயில்பட்டி மொட்டைமாடியில, தளம் தோசைக்கல்லாக் காயுத எடத்துல கட்டிருக்கான். நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது எய்யா. பாதத்துல லேசா ஈரம் கசியும், அவ்வளவுதான். மத்தபடி நாக்கத் தொங்கப் போட்டு இளைக்கதுதான் அதுக்கு விசிறி. தண்ணியும் இல்லாம நெழலும் இல்லாம அந்த விசிறி எவ்வளவு நேரம் சுத்தும்? மத்தியானம் இளைச்சு இளைச்சுத் தள்ளாடி விழுந்துச்சுன்னா அது சோம்பல் இல்ல, வெக்கை அடிச்சிருக்கு. நெழலுக்கு இழுத்து, உடம்புல தண்ணிய ஊத்தி, டாக்டர்கிட்ட ஓடணும். அவனுக்கு அது வெளங்கணும்னா, பன்னெண்டு மணிக்கு வெறுங்காலோட மொட்டைமாடிக்கு வரச் சொல்லு. "டேங்க்ல ஏதோ ஒழுகுது அண்ணாச்சி"ன்னு சொல்லு. பதறிட்டு வருவான். நாய்க்கு வராதவன் தண்ணிக்கு வருவான், நம்ம ஊர்ல. வந்து ஒரு நிமிசம் தளத்துல நின்னாப் போதும், பாக்கிய அவன் உள்ளங்காலே அவனுக்குச் சொல்லிக் குடுத்துரும்.

சோறு? ஞாயித்துக்கிழமை பிரியாணி மிச்சமும் கோழி எலும்புமா? வெங்காயம் நாய் ரத்தத்துக்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியா ஒடிஞ்சு குடலக் குத்தும். நீயும் பாசத்துல செவருக்கு மேல எதையும் எறியாத. சாக்லேட்டப் போட்டேன்னு சொன்ன பாத்தியா, அது நாய்க்கு வெசம். பாவம் பாத்துக் கொன்னவன்னு உனக்குப் பேர் வாங்கிக் குடுத்துரும்.

சட்டமா? இருக்கே, சட்டத்துக்கு என்ன கொறச்சல். மதுரையில பொறந்த அம்மாதான், நாட்டியம் ஆடுனவுக, கலாக்ஷேத்ரா வச்சவுக, ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்யசபையில மிருகங்களுக்காக அந்தம்மா மல்லுக்கு நின்ன பொறவுதான் 1960ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. அதுல பதினொண்ணாவது பிரிவப் படிச்சா, உன் பக்கத்து வீட்டுக்காரனப் பாத்தே எழுதுன மாதிரி இருக்கும். நியாயமில்லாமக் கட்டையான சங்கிலியில, நியாயமில்லாத நேரத்துக்குக் கட்டிப் போடுதது குத்தம். எப்பவும் கட்டியே கெடக்க நாய நடத்திக் கூட்டிட்டுப் போகாம இருக்கது குத்தம். போதுமான சோறு, தண்ணி, நெழல் குடுக்காதது குத்தம். நாய நடத்திக் கூட்டிட்டுப் போகலன்னா குத்தம்னு அறுபது வருசத்துக்கு முன்னால எழுதி வச்சிருக்காக, எத்தனை பேருக்குத் தெரியும்?

கண்ணு மின்னுது பாரு. தண்டனையக் கேளு. மொதத் தடவை பத்து ரூபாய்க்குக் கொறையாம, அம்பது ரூபாய்க்கு மிஞ்சாம அபராதம். அம்பது ரூபாய்! நம்ம ஊர் கடலைமிட்டாய் கால் கிலோ வருமோ வராதோ. மூணு வருசத்துக்குள்ள திரும்பவும் மாட்டுனா இருபத்தஞ்சுலருந்து நூறு, இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும். 1960ல அம்பதுன்னா ஆள் நடுங்கிருப்பான். இப்ப அவன் நூறு ரூபாயாக் குடுத்துட்டு, "மிச்சத்த அடுத்த நாய்க்கு வச்சுக்கோங்க"ன்னுருவான். அந்த அம்மா பெத்த சட்டத்த வளக்காமக் கட்டிப் போட்டு வச்சிருக்காக, உன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியே.

அதுக்காகச் சட்டமே வேண்டாம்னு சொல்லல. திங்கக்கிழமை தூத்துக்குடி போயி கலெக்டர்கிட்ட மனுக் குடுக்க நல்லாத்தான் இருக்கும். பொறவு நடக்கதையும் யோசி. அவன் உன் வீட்டு ஓனருக்கு மச்சினன். விசாரணைன்னு ஒரு போலீஸ்காரர் வந்து நின்ன மறுநாள், நாய் ரெண்டும் வண்டியில ஏறி, ஏதாவது ஒரு முக்குல எறங்கி நிக்கும். உன்னையும் வீடு பாக்கச் சொல்லிருவாக. ஆனா கழுத்துப் புண்ணுல புழு வச்சாலோ, ரெண்டு நாளாத் தண்ணியே வைக்கலன்னாலோ, எலும்பு முறியுத மாதிரி அடிச்சாலோ, அன்னைக்கு இந்தக் கெழவனத் தேடி வராத. நேரா போலீஸ் ஸ்டேஷன், பொறவு கால்நடை ஆஸ்பத்திரி. அந்த ஸ்டேட்டஸ் போட்டோவெல்லாம் தேதியோட பத்திரமா வச்சுக்கோ, அன்னைக்குத்தான் அதுக்கு வேலை. அடி இப்பமே மிஞ்சுதுன்னா இப்பமே போ. நயம் பேச நேரங்காலம் உண்டு.

அது கெடக்கட்டும், நாய்களுக்கு ஊசி போட்டிருக்கானா? வெறிநாய்க்கடி ஊசி? கேக்கலயா? மூணு மாசமா நாயப் பத்திக் கவலப்பட்டவன் இந்த ஒண்ணக் கேக்கலயே. அவன் வீட்டுல சின்னப்பிள்ளை உண்டுன்னு சொன்ன. எனக்கு ஒம்பது வயசுல தெருநாய் கடிச்சுச்சு. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. குன்னூர்ல 1907லருந்தே அந்த மருந்துக்குன்னு நிலையம் இருக்கு, அங்கருந்து வரும்பாக. ஒவ்வொரு ஊசிக்கும் வயிறு கொழுக்கட்டையா வீங்கும். அந்தப் பழைய ஊசிய இப்ப நிப்பாட்டியாச்சு, கையில நாலஞ்சு போட்டாத் தீந்துச்சு, அரசாங்க ஆஸ்பத்திரியில காசு கெடையாது. ஆனா ஊசிக்கு முந்தி, கடிச்ச எடத்த ஓடுத தண்ணியில சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவணும். மொளகாப்பொடி, சுண்ணாம்புன்னு எவனாவது பூச வந்தா அவனக் கடிச்சு வச்சுரு. நோய் வெளிய தெரிஞ்சுட்டா பொறவு பொழைக்க வழி இல்ல எய்யா, அதுல வெளையாட்டுக் கெடையாது.

வார செப்டம்பர் 28ஆம் தேதி வெறிநோய் தடுப்பு நாள். அந்த ஊசியக் கண்டுபிடிச்ச லூயி பாஸ்டர் செத்த தேதி அது, 1895ல. அதையொட்டி கால்நடை ஆஸ்பத்திரிகள்ல நாய்களுக்குச் சும்மாவே ஊசி போடுவாக. இதுதான் உனக்கு வாசல். "பிள்ளைக வெளையாடுத எடம் அண்ணாச்சி, வாங்க, நானும் கூட வாரேன், ஒரு நாய நீங்க பிடிங்க, ஒண்ண நான் பிடிக்கேன்"ன்னு சொல்லு. சங்கிலி அவுத்தாத்தான ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? நடந்து போங்க, ஆட்டோ பிடிக்காதீங்க. நாய்க்கு அன்னைக்குத் தெரு எப்படி இருக்கும்னு தெரியும். டாக்டர் புண்ணப் பாப்பாரு, உண்ணியப் பாப்பாரு, காதப் பாப்பாரு. நீ மூணு மாசமாச் சொல்ல நெனச்சத, வெள்ளைக்கோட்டுப் போட்டவரு மூணு நிமிசத்துல சொல்லிருவாரு. வீட்டுக்கு வந்த பொறவு, "காலையில நான் எப்படியும் நடக்கப் போறேன் அண்ணாச்சி, தனியா நடக்கச் சங்கடமா இருக்கு, வெள்ளையக் கூட்டிட்டுப் போகவா?"ன்னு கேளு. அஞ்சரைக்கு எந்திரிக்கணும். ஆமா, நீதான். கவலப்பட முடிஞ்சவனுக்கு நடக்க முடியாதா? ராத்திரி தூக்கம் வரலன்னுதான சொன்ன, வரும்.

என்ன, யோசிக்க ஆரம்பிச்சுட்ட? கவலைன்னா படுத்துக்கிட்டே படலாம், இதுக்கு எந்திரிக்கணும். அதான் ஊர்ல கவலப்படுத ஆள் கூட்டமா இருக்கு.

ஏட்டி, அந்த மண்சட்டி ரெண்டையும் எடுத்துட்டு வா. பழைய கூழ்ச்சட்டிதான், அடி கனம், நாய் உருட்டுனாலும் லேசுல கவுறாது. உன்னைய வாசல்ல கண்டதுமே ஆச்சி கழுவிக் கவுத்தி வச்சுட்டா. ஒண்ணு படிக்கு அடியில, ஒண்ணு மாடியில. "எங்க தாத்தா குடுத்து விட்டாரு"ன்னு சொல்லிக் குடு, அவன் மறுக்க மாட்டான். பஸ்ல மடியில வச்சுக்கோ, சீட்டுக்கு அடியில போட்டா ஒடஞ்சுரும்.